சுவரில் வெள்ளை மாவு, பீரோவுக்குப் பின்னால் கறுப்பு: வாடகை வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரை செல்லூரில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கூடத்துச் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து வெள்ளை மாவாக உதிர்கிறது. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துவிட்டது, பட்டுப்புடவையில் பூஞ்சணம். பையனுக்கு இருமல் நிற்கவில்லை. "ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை, அதனால்தான்" என்கிறார் வீட்டு உரிமையாளர். நாங்களே நீர் புகாத பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வேறு தொல்லைகள். உரிமையாளர் சொல்வது படுக்கையறைக்குப் பாதி பொருந்தும். கூடத்துக்குத் துளியும் பொருந்தாது.

கூடத்துச் சுவரில் ஏறுவது ஓதம். செல்லூர், வண்டியூர் போன்ற கண்மாய்களை ஒட்டிய தெருக்களில் மழைக்காலத்தில் நிலத்தின் ஈரம் மேலேறி நிற்கும். அஸ்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் பூச்சு இல்லாத சுவர், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அதை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் மூன்று நான்கு அடிக்குள் நின்றுவிடும். நீர் ஆவியானபின் தங்கும் உப்புதான் பூச்சை உடைத்து வெளியே தள்ளுகிறது. அந்த மாவை ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், உப்பானால் கரையும். இந்தச் சுவரை பெயின்டால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும், பெயின்டும் கொப்பளித்து உரியும்.

சுவருக்கு மறுபுறம் குளியலறை இருந்தால் மட்டும் ஒரு சோதனை தேவை. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ குழாய் கசிகிறது.

படுக்கையறைக் கறுப்பு வேறு கதை. காற்றிலுள்ள ஈரம் காற்றோட்டமில்லாத குளிர்ந்த சுவரில் படிந்து, பூஞ்சணம் பிடிக்கிறது. அந்த ஈரத்தில் நாம் உண்டாக்குவதும் உண்டு. 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாக வீட்டுக்குள் சேர்கிறது. மழைநாளில் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் கேட்கவே வேண்டாம். ஐயமிருந்தால் ஓர் அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் வியர்த்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. உட்புறம் நனைந்தால் சுவரிலிருந்து.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளிவையுங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் பகல் வேளையில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மழை பெய்யும்போது திறப்பதால் பயனில்லை. கறுப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் அறையெங்கும் பறக்கும். முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பையனின் படுக்கையை இன்றே வேறு அறைக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூடத்துச் செலவு உங்களுடையதன்று. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல் ஆகியவற்றை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவருடையவை. சுவரைத் தேதியுடன் படமெடுத்து, எழுத்து மூலம் தெரிவியுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் கைவைக்காமல் இருக்க அந்தக் கடிதம் உதவும். ஒத்திக்கு இருப்பவர்கள் மாத வாடகை தராததால் பேசத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை, பணம் முழுவதும் உரிமையாளர் கையில்தானே இருக்கிறது!

சுவர் வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கறை முடியும் இடத்துக்கு ஓர் அடி மேல்வரை பழைய பூச்சைச் செதுக்கி, அடிச்சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்தி, செங்கல் நன்றாகக் காய்ந்தபின் பூச வேண்டும். பழைய பூச்சின் மேலேயே பட்டி பார்த்து முடித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் தங்கிய உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும்.