ஜான்சனை நீக்கியிருக்க வேண்டுமா?

கேள்வி: 1868-ல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் மீது வந்த பதவிநீக்கத் தீர்மானம் நியாயமா, கட்சிப் பழிவாங்கலா? வேலூரில் எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'பழிவாங்கல்' அணியில் பேசுகிறேன்.
- வரலாற்று மாணவி, காட்பாடி

பதில்: உன் அணிக்குச் சட்டம் துணை, அம்மா. செனட் (நாடாளுமன்ற மேலவை) சம்மதமில்லாமல் போர்த்துறைச் செயலாளர் ஸ்டான்டனை நீக்கினார் என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. அதைத் தடுத்த 1867-ஆம் ஆண்டுச் சட்டம், ஜான்சனின் வீட்டோவை (அதிபரின் மறுப்பை) மீறி நிறைவேறியது. ஸ்டான்டனை நியமித்தவர் முந்தைய அதிபர் லிங்கன். அதனால் ஸ்டான்டனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஜான்சனின் வக்கீல்கள் வாதாடினார்கள். அந்தச் சட்டமே செல்லாதது என்று 1926-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆனாலும் என் மனசு எதிரணியில்தான். விடுதலையான கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தந்த 1866 சட்டத்தையே வீட்டோ செய்தவர் ஜான்சன். அந்த மக்களை யார் காப்பது? அந்தக் கோபத்தில்தான் பதவிநீக்கத்துக்கு முன்னின்ற குடியரசுக் கட்சித் தலைவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ், நடக்க முடியாத உடம்போடு, நாற்காலியில் தூக்கிவரப்பட்டு அவைக்கு வந்தார். ஆகஸ்டில் இறந்தும் போனார். ஸ்டான்டன் விவகாரம் வெறும் சாக்கு. உண்மைக் குற்றம் அந்த மக்களைக் கைவிட்டதுதான் என்பேன்.

சரி, உன் பேச்சுக்கு ஒன்று: செனட்டில் நீக்கச் சொல்லி 35 ஓட்டு, வேண்டாமென்று 19; நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் ஒரே ஓட்டில் ஜான்சன் தப்பினார். அவரைக் காப்பாற்றியவர்களில் 7 பேர் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள். அதை முதலிலேயே சொல்.