ஸ்கேட் பார்க்கில் மகன் ஏச்சு வாங்கினான், இனிப் போகலாமா?

கேள்வி: மகனுக்கு 9 வயது. சனிக்கிழமைகளில் லண்டன் ஹரோ ஸ்கேட் பார்க்குக்கு, காலால் உந்தி ஓடுகிற ஸ்கூட்டரோடு கூட்டிப்போவேன். போன கிழமை ஸ்கேட்போர்டில் வந்த பெரிய பெடியன் ஒருவன் இவனில் மோதப் பார்த்து, கடைசி நேரத்தில் குதித்து விழுந்து, கண்டபடி ஏசிவிட்டான். நான் பௌலின், அதுதான் கிண்ணம் மாதிரிக் குழிந்த தளத்தின், விளிம்பில் இருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுதுகொண்டு வந்தான். 'இனி அங்கே வேண்டாம்' என்கிறார் கணவர். ஸ்கூட்டர் என்பதால்தான் இப்படி நடத்துகிறார்களா?
- ஒரு அம்மா, ஹரோ

பதில்: போகலாம் தங்கச்சி, தாராளமாகப் போகலாம். ஆனால் விளிம்பில் இருந்து வீடியோ எடுத்தேன் என்று சும்மா எழுதிவிட்டுப் போகிறீர்களே, எனக்கு முதலில் அதுதான் இடித்தது. பௌலுக்குள் இறங்குகிறவர் எதிர்ச்சுவரில் ஏறி அந்த விளிம்பு வரைக்கும் வருவார், சிலவேளை விளிம்பிலேயே உரசிக்கொண்டும் போவார். அங்கே உங்கள் கால் தொங்கினால் அவர் என்ன செய்வார்? ஊரில் கிணற்றுக்கட்டில் இருந்து கதைக்கிற பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. நானும் ஏச்சு வாங்கியவள்தான். மூத்தவனை இப்படிக் கூட்டித் திரிந்த காலத்தில், சின்னவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சரிவு முடிகிற இடத்திலேயே நின்று சோறு தீத்தினேன், இப்போது நினைத்தாலும் வெட்கம்.

ஸ்கூட்டர் என்பதாலா? கொஞ்சம் ஆம். ஹரோ பார்க் 1978-ல் ஸ்கேட்போர்டுக்காகவே கட்டினது. பி.எம்.எக்ஸ். என்கிற சின்னச் சாகச சைக்கிள்கள் பிறகு வந்தன, பிள்ளைகளின் ஸ்கூட்டர் 2000-ஐ ஒட்டித்தான் பெருகியது. கடைசியாக வந்தவனுக்குக் கடைசிப் பாய் என்கிற கதை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டும் பி.எம்.எக்ஸ். ஃப்ரீஸ்டைலும் சேர்ந்தே முதல்முறை உள்ளே போயின, ஸ்கூட்டர் இன்னும் வாசலில் நிற்கிறது. இந்த இளக்காரம் எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்தப் பெடியனின் கோபம் முழுக்க இளக்காரம் இல்லை. ஸ்கேட்போர்டில் ஆள் பக்கவாட்டில் நிற்கிறார், முதுகுப் பக்கம் அவருக்குத் தெரியாது. சக்கரம் 5 சென்டிமீட்டர் சொச்சம், சின்னக் கல் ஒன்று போதும் ஆளைத் தூக்கி எறிய. சைக்கிள்காரர் பாரமும் வேகமுமாக வருவார், நினைத்த இடத்தில் நிற்க முடியாது. உங்கள் மகனோ நேரே பார்த்துக்கொண்டு, கைப்பிடி இருக்கிற தைரியத்தில், நினைத்த பக்கம் திருப்புவான். இறங்குகிறவர்கள் எந்த வழியால் போய் எங்கே திரும்புவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் இறங்குகிறார்கள், அந்த வழியில் இவன் குறுக்கே போனதற்குத்தான் ஏச்சு விழுந்திருக்கிறது. அவர்களுக்குள்ளேயே ஒருவரின் முறையில் இன்னொருவர் புகுந்தால் 'ஸ்னேக்' பண்ணுகிறான் என்று திட்டிக்கொள்வார்கள், ஸ்கூட்டருக்கு மட்டும் அல்ல.

ஆகவே இந்தச் சனிக்கிழமை போனதும் உடனே இறங்க விடாதீர்கள். பத்து நிமிடம் இருவரும் தள்ளி நின்று, யார் எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள் என்று பாருங்கள், பிள்ளைகள் நம்மைவிட விரைவாகப் பிடித்துவிடுவார்கள். ஒருவர் விழுந்தோ ஏறியோ முடிந்த பிறகு அடுத்தவர், அவ்வளவுதான் முறை. தன் முறை வந்தால் கண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இறங்கட்டும். விழுந்தால் அழுவது மேலே ஏறி வந்த பிறகு. யாராவது 'போர்ட்!' என்று கத்தினால் ஆளில்லாத பலகை ஒன்று காலைத் தேடி வருகிறது என்று அர்த்தம். காலை ஒன்பது மணிக்கு முன்னே போனால் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் தாராளம், மத்தியானம் பெரிய பெடியன்கள் எழும்பி வந்த பிறகு நீங்கள் சமைக்கப் போய்விடலாம்.

அந்தப் பெடியனைத் திரும்பக் கண்டால் மகனை ஒரு 'சாரி' சொல்லச் சொல்லுங்கள். அவனும் சொல்ல வேண்டும்தான், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கத்தியது பிழை. ஆனால் நீங்கள் தொடங்குங்கள், பாதிப் பேர் அதற்குப் பிறகு தாங்களே சொல்லிக்கொடுக்க வந்துவிடுவார்கள்.

கணவருக்கு: ஹெல்மெட்டில் ஈ.என். 1078 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சைக்கிளுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் உரிய தரம் அது. அப்புறம், மகனிடம் இருப்பது மடக்குகிற ஸ்கூட்டரா? அப்படியென்றால் அது பள்ளிக்கூடம் போய்வர மட்டும். குதித்து இறங்குகிற அடியில் அந்த மடிப்பு விட்டுக்கொடுக்கும், மடங்காத ஸ்டன்ட் ஸ்கூட்டர் வாங்கும் வரை சமதரையில் ஓடட்டும்.