தேக்கின் நுனிக்குருத்தை எப்போது எடுப்பது?

கேள்வி: எங்கள் கொல்லையில் தாத்தா வைத்த தேக்கு மரம் ஒன்று, 2018 கஜா புயலுக்கும் சாயாமல் நிற்கிறது. அதன் கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெற விரும்பி, ஐப்பசியில் நுனிக்குருத்துகளை எடுத்து ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தோம். பாதிக் குருத்துகளில் பூஞ்சணம் பிடித்தது. மீதி கறுத்துப் போயிற்று. எந்த மாதத்தில் எடுக்க வேண்டும்?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: தாங்கள் எடுத்த பருவமே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன். ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம். நாள்தோறும் நனையும் மரத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் தளிரின் ரோமங்களுக்கிடையே மட்டுமல்லாமல், சில வேளைகளில் திசுவுக்குள்ளும் குடியேறிவிடுகின்றன; கிருமிநீக்கக் கரைசல் மேற்புறத்தைத்தான் சுத்தம் செய்யும், உள்ளே தங்கியவை, திசுவை வளர்க்க ஆய்வுக்கூடத்தில் வைக்கும் சர்க்கரை கலந்த ஊட்டக்கலவையில் (ஊடகம்) செழித்துப் படரும்.

கறுத்ததற்குக் காரணம் வேறு. தேக்கின் கொழுந்தைக் கசக்கினால் விரல் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை சாயப்பொருள் நிறைந்த மரம் அது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் வெட்டுவாயில் காற்றுப் பட்டதும் கறுத்து, திசுவையே கொன்றுவிடக் கூடும். முற்றிய குருத்தில் இத்தொல்லை மிகுதி.

ஆகவே மாதத்தைவிட மரத்தின் நிலையைப் பாருங்கள். தையிலும் மாசியிலும் இலையுதிர்த்து நிற்கும் தேக்கு, பங்குனி, சித்திரையில் துளிர்க்கும்போது, புதுத்தளிர் வளைத்தால் வளைகிற பதத்தில் இருக்கும் இரண்டு மூன்று வாரங்களே ஏற்ற காலம். கோடை மழை பெய்திருந்தால் சில நாள் வெயில் காய விட்டு, காலையில் எடுத்து, ஈரத்துணியில் சுற்றி அன்றே சேர்த்துவிடுங்கள். ஆனிக்குப் பிறகு கிளைநுனியே பூங்கொத்தாக மாறத் தொடங்கும். அந்த நுனியால் பயனில்லை.

வயதான மரத்தின் உச்சிக்கிளைத் திசு எளிதில் வேர்விடாது என்பதால், இன்னொரு வழியையே நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். மாசிக் கடைசியில், கட்டைவிரலைவிடப் பருத்த தாழ்கிளைகளை ஒன்றரை அடித் துண்டுகளாக வெட்டி, மழை படாத கூரையடியில் ஈரமணலில் ஊன்றி வையுங்கள். தண்ணீரை மணலுக்கு மட்டுமே ஊற்ற வேண்டும், துளிரின் மேல் தெளிக்கக் கூடாது. சில வாரங்களில் பட்டையைப் பிளந்துகொண்டு வரும் துளிர்கள், வெளியில் நனைந்து வளர்ந்தவற்றைக் காட்டிலும் சுத்தமாக இருக்கும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் ஆய்வுக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் ஊடகத்தைத் தயாராக வைத்திருக்கும் நாளில் கிள்ளிக் கொண்டுபோங்கள்.