சாஃப்ட்னர் பொருத்தியும் டி.டி.எஸ். குறையவில்லையே?

வணக்கம். போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) பொருத்திய பிறகும், டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் மீட்டர் அதே 1,400 காட்டுகிறது, விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மீட்டரை நம்பி அவர்மேல் பழி போடாதீர்கள். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. உள்ளே இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. கரைந்திருக்கும் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் அளக்க வேண்டியது கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை. சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் கடின நீர் ஒயின் சிவப்பாகும். மென்னீர் உடனே நீலமாகும். குழாய் முனையையும் பாருங்கள். புதிதாகப் படிந்த வெள்ளை ஈரத்துணிக்குப் போய்விட்டால் சோடிய உப்பு. நகத்தால் சுரண்டினாலும் அசையாவிட்டால் சுண்ணாம்பு, அதாவது பிசின் களைத்துவிட்டது.

எனக்கு அந்தச் சந்தேகம்தான் அதிகம். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை 600 (லிட்டருக்கு மில்லிகிராம்) என்கிறீர்கள். ஆயிரம் லிட்டரில் 600 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். ஒரு லிட்டர் பிசின் சுமார் 50 கிராம் தாங்கும். உங்களுடைய 25 லிட்டர் பிசின் இரண்டாயிரம் லிட்டருக்குத்தான் வரும். பிடித்த கால்சியத்தைக் கழுவிப் பிசினைப் புதுப்பிக்க, மாதம் ஒருமுறை உப்புக் கரைசல் விட்டால் எப்படிப் போதும்? இரண்டாயிரம் லிட்டருக்கு ஒருமுறை மூன்று, நான்கு கிலோ அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்து விடுங்கள்.

குடிக்கவும் செடிகளுக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் கட்டாயம் ஆர்.ஓ. தண்ணீரையே கொடுங்கள்.