வலைப்பூக்களில் எதை வாசிப்பது? கேள்வியும் பதிலும்

இணையத்தில் வாசிக்கத் தகுந்த வலைப்பூக்கள் எவை என்று இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் கேட்டிருந்தனர். அட்டனில் நீண்ட காலம் நூலகராக இருந்தவர் அவற்றுக்கு எழுதிய பதில்கள் இவை.

மஸ்கெலியா, ஆசிரியை: தரம் 10 மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். பாடநூலுக்கு வெளியே மலையக வரலாற்றை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

‘நமது மலையகம்’ தளத்திலிருந்து தொடங்குங்கள், ஆசிரியை அவர்களே. குடியுரிமை, தொழிற்சங்கம், இலக்கியம் என்று நம் மக்களைப் பற்றிய கட்டுரைகள் ஓரிடத்தில் இவ்வளவு சேர்ந்திருப்பது அரிது. ஆனால் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், எழுதியவரின் பெயரையும் திகதியையும் முதலில் பாருங்கள். அது நினைவுக் குறிப்பா, ஆவணத்தை வைத்து எழுதியதா, தேர்தல் காலத்து வாதமா என்பதைப் பெரும்பாலும் அவ்விரண்டுமே காட்டிக்கொடுத்துவிடும்.

வரலாறு எழுதும் வலைப்பூக்களை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவேன். அந்த ஒப்பந்தத்தின்படி, நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாக இருந்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி அப்போது முடிவாகவில்லை, 1974 இல்தான் இரு நாடுகளும் அவர்களைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்த எஞ்சியவர்களைக் குறிப்பிடாமல் கோபத்தை மட்டும் எழுதுகிற பதிவை நான் மாணவர்களுக்குக் கொடுப்பதில்லை, அந்தக் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும். மூல நூல்களையும் பழைய இதழ்களையும் ஒப்புநோக்க, 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. காணி, வீடு, சம்பளம் போன்ற இன்றைய பிரச்சினைகளுக்கு ‘மாற்றம்’ தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளை, உயர்தர மாணவன்: இலக்கியத்துக்கு ஒரே ஒரு வலைப்பூவைச் சொல்லுங்கள் ஐயா.

ஒன்றுதான் என்றால் எழுத்தாளர் ஜெயமோகனின் தளம், தம்பி. அவருடைய கருத்துகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் எழுத்தை அன்றாடத் தொழிலாகச் செய்வது எப்படி இருக்கும் என்பதை அங்கே நேரில் காணலாம். மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் 26 நாவல்களாக, 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை, இடையிடையே சிறு ஓய்வுகளுடன் நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்திலேயே எழுதி முடித்தவர் அவர். பரீட்சைக்கு முன்பு அதில் இறங்கிவிடாதீர்கள். பாடத்திட்டத்தில் உள்ள பழைய இலக்கியங்களுக்கு, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் போதும்.

நுவரெலியா, வாசகர்: அதிகம் பேர் வாசிக்கும் வலைப்பூ எது?

அந்தக் கணக்கை நான் பார்ப்பதில்லை. கூட்டம் பெரும்பாலும் சினிமாவுக்கும் சோதிடத்துக்கும்தான் சேர்கிறது.

பதுளை, ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர்: பழைய இலங்கைத் தளங்கள் சிலவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. சில திறப்பதே இல்லை.

ஐயா, உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) பரவுவதற்கு முன்பு நம் நாட்டில் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில் அமைந்திருக்கிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது பாமினி என்று அநேகமாக உறுதியாகக் கொள்ளலாம். அந்தப் பகுதியைப் படியெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒருங்குறி மாற்றி ஒன்றில் இட்டால் நல்ல தமிழில் வந்துவிடும். அறவே திறக்காத தளங்களின் முகவரியை ‘வேபேக் மெஷின்’ என்னும் இணைய ஆவணக் காப்பகத்தில் இட்டுப் பாருங்கள். முழுத் தளமும் கிடைக்காவிட்டாலும் சில பக்கங்களாவது அகப்படக்கூடும்.

தலவாக்கலை, வாசகி: தோட்டத்தில் சிக்னல் குறைவு, டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வலைப்பூக்களை எப்படித் தொடர்ந்து வாசிப்பது?

டவுனுக்கு வரும்போது வேண்டிய பக்கங்களைத் திறந்து, குரோம் உலாவியின் பட்டியலில் உள்ள பதிவிறக்கக் குறியை அழுத்திச் சேமித்துக்கொள்ளுங்கள், தங்கை. பிறகு லயத்தில் இருந்தபடியே இணைப்பில்லாமல் வாசிக்கலாம். காணொளி இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள வலைப்பூவுக்கு டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். முன்பு ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள் புதிய பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டின. அந்த வசதி போன பிறகு நல்ல வலைப்பூக்கள் முகநூலின் சத்தத்தில் அமிழ்ந்துவிட்டன என்பது என் எண்ணம். இப்போது புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் ஃபீட்லி போன்ற ஓடை வாசிப்பான் ஒன்றில் முகவரிகளை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பொகவந்தலாவை, இளம் வாசகி: நானும் ஒரு வலைப்பூ தொடங்க விரும்புகிறேன். அதற்கு முன் எவற்றை வாசிக்க வேண்டும்?

பல விடயங்களைத் தொட்டுச் செல்பவற்றை விட்டுவிட்டு, ஒரே விடயத்தைப் பல ஆண்டுகளாக எழுதுபவர்களை வாசியுங்கள்: பறவை பார்ப்பவர், கல்வெட்டுத் தேடுபவர், ஊர்ச் சமையலை எழுதுபவர். மலையகத்தைப் பற்றிய எழுத்தில் ஆய்வும் அரசியலும் நிறைய உண்டு. காலையில் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடும் பெண், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கேட்கும் ஏச்சு, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோ, மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு ஆள் சேர்க்கும் பாடு ஆகியவற்றை உள்ளிருந்து எழுதும் பெண்களின் வலைப்பூக்களைத் தேடித் தேடிச் சலித்திருக்கிறேன். நீங்கள் எழுதினால் வாசிக்க நான் இருக்கிறேன். புளொக்கர், வேர்ட்பிரஸ் இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒவ்வொரு பதிவின் பிரதியையும் உங்கள் தொலைபேசிக்கு வெளியே இன்னோரிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.