பாஸ்டன் முதல் வாஷிங்டன் வரை: கையைக் கடிக்காத மாணவர் பயணம் (கேள்வி பதில்)

விடுமுறைக்கு அமெரிக்காவின் பழைய நகரங்களைப் பார்க்கக் கிளம்பும் மாணவர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். நான் இந்தக் கிழக்குக் கரையில் படித்து இங்கேயே தங்கிவிட்டவள். புதிதாக வரும் பிள்ளைகளை இந்த ஊர்களுக்குக் கூட்டிக்கொண்டு போவதில் எனக்குத் தனி ஆசை உண்டு. ரேட் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கிளம்பும் முன் நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் மாணவர்: அக்கா, நாங்கள் நான்கு பேர். ஆறு நாளில் பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், நயாகரா, முடிந்தால் சிகாகோ. விமானம் போகத் தலைக்கு 600 டாலர் போதுமா?

போதாது தம்பி. போதுமென்றாலும் நீங்கள் பார்க்கப்போவது பஸ் ஜன்னலைத்தான். நயாகராவையும் சிகாகோவையும் இப்போதே எடுத்துவிடுங்கள்.

வரலாற்றைப் பார்க்க இந்த ஊர்களில் பெரும்பாலும் காசே வேண்டாம். காசு போவது படுக்கைக்கும் பயணத்துக்கும்தான். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் ஒரு டிக்கெட், அரை நாள், பெட்டியை இழுத்துக்கொண்டு அலைச்சல். ஆறு நாளுக்கு இரண்டு ஊர் போதும். ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு இரவு, வாஷிங்டனில் மூன்று இரவு. ஃபிலடெல்ஃபியாவில் இறங்கி வாஷிங்டனிலிருந்து திரும்புகிற மாதிரி விமானம் பாருங்கள், வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம்.

நான்கு பேர் என்றால் ஹாஸ்டலைவிட இரண்டு பெரிய கட்டில் போட்ட ஹோட்டல் அறை தலைக்குக் குறைவாக வரும் நாட்கள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிடும்போது வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்த நகரங்களில் அறை வாடகைக்கு மேல் 15 சதவீத அளவுக்கு வரி ஏறும், முதல் பக்கத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் இருக்காது.

பஃபலோ மாணவி: பஸ்ஸா, ரயிலா, வாடகைக் காரா?

கார் வேண்டாம். 25 வயதுக்குக் கீழே இருந்தால் கூடுதல் கட்டணம், அதற்கு மேல் டோல், பார்க்கிங். இந்த ஊர்களுக்குள் கார் ஒரு சுமை.

பஸ்தான் பொதுவாக மலிவு: ஃபிளிக்ஸ்பஸ், கிரேஹவுண்ட், பீட்டர் பான். ஆம்ட்ராக் ரயிலில் 17 முதல் 24 வயது வரையுள்ள மாணவர்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது. முன்கூட்டியே எடுத்தால் சில சமயம் பஸ் விலைக்கே ரயில் கிடைக்கும், கடைசி நேரத்தில் எடுத்தால் பல மடங்கு.

நியூயார்க்–ஃபிலடெல்ஃபியாவுக்கு இன்னொரு வழி உண்டு. நியூ ஜெர்சியின் என்ஜே டிரான்சிட் ரயிலில் ட்ரென்டன் வரை போய், அங்கே ஃபிலடெல்ஃபியாவின் செப்டா ரயிலுக்கு மாறுங்கள். நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் முன்பதிவு தேவையில்லை, கடைசி நேரத்தில் கிளம்பினாலும் அதே கட்டணம்தான்.

ஒஹாயோ மாணவர்: பாஸ்டனின் வரலாற்று இடங்களை இணைக்கும் நடைவழியான ஃப்ரீடம் டிரெயிலுக்கு கைடு வைத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம், தரையே கைடு. பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கும் சிவப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நான்கு கிலோமீட்டரில் 16 இடங்கள். சில இடங்களில் பெயின்ட், பல இடங்களில் செங்கல் பதித்திருப்பார்கள். பால் ரிவீயர் வீடு, ஓல்டு ஸ்டேட் ஹவுஸ் மாதிரி சில இடங்களுக்கு மட்டும் கட்டணம். கல்லறைத் தோட்டங்கள், ஃபேனுவல் ஹால், கான்ஸ்டிடியூஷன் போர்க்கப்பல், 294 படி ஏறும் பங்கர் ஹில் தூண் எல்லாம் இலவசம். கப்பலுக்கு அடையாள அட்டை கொண்டு போங்கள்.

கிரானரி கல்லறைத் தோட்டத்தில் அவசரப்படாதீர்கள். சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்ட ஜான் ஹான்காக்குக்கு அங்கே உயரமான நினைவுத் தூண் இருக்கிறது. எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பக்கத்திலேயே ஒரு சின்னக் கல்லைத் தேடுங்கள். ஃபிராங்க், ஜான் ஹான்காக்கின் வேலைக்காரர், இறந்தது 1771 என்று வெட்டியிருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. சுதந்திரம் பேசிய அந்த ஊரின் பெரிய வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். அந்த இரண்டு கல்லையும் சேர்த்துப் பாருங்கள். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் இறந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

வார இறுதியில் போனால் 10 டாலருக்கு எம்பிடிஏ (பாஸ்டன் பகுதிப் போக்குவரத்து அமைப்பு) புறநகர் ரயில் பாஸ் கிடைக்கும், சனி ஞாயிறு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஒரு நாள் சேலம் (1692 சூனிய வழக்குகள் நடந்த ஊர், நம்ம சேலம் இல்லை), இன்னொரு நாள் கான்கார்ட். 1775 ஏப்ரல் 19 அன்று சண்டை நடந்த வடக்குப் பாலம் கான்கார்டில் இருக்கிறது, கட்டணம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் வால்டன் குளமும். இந்தப் பக்கத்துக் குளங்களுக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், 1842-ல் கட்டப்பட்டது ஃபிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரியின் பனிக்கட்டியைச் சேமிக்கத்தான். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டி, மரத்தூள் போட்டுக் கப்பலேற்றி மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். மெரினாவில் நடந்தவர்களுக்கு அந்தக் குளக்கரை வேறு மாதிரி தெரியும்.

நியூ ஜெர்சி மாணவி, சொந்த ஊர் சென்னை: போகிற வழியில் யேல் பல்கலைக்கழகத்தில் இறங்குவது வேஸ்ட்டா அக்கா?

வேஸ்ட்டே இல்லை. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ-நார்த் ரயிலில் நியூ ஹேவனுக்கு இரண்டு மணி நேரம்தான், கூட்ட நேரம் தவிர்த்துப் போனால் மலிவு. யேல் ஓவியக்கூடமும் பீபாடி அருங்காட்சியகமும் இலவசம்.

எலிஹு யேல் யார் என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். 1687 முதல் 1692 வரை நம்ம புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பிற்காலத்தில் அவர் அனுப்பிய பொருட்களை விற்றதில் கல்லூரிக்கு 562 பவுண்டு கிடைத்தது, கூடவே 417 புத்தகங்கள். 1718-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மெட்ராஸில் சேர்ந்த செல்வம் அது. அவருடைய கவர்னர் காலத்தில் அந்தத் துறைமுகத்திலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் வரலாற்றில் இருக்கிறது. அதையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த வளாகத்தில் நட.

திருச்சியிலிருந்து ஒரு தாய்: என் மகள் இரண்டு தோழிகளோடு போகிறாள். ஹாஸ்டலில் தங்குவது பாதுகாப்பா?

உங்கள் கவலை புரிகிறது அம்மா. பாஸ்டனிலும் வாஷிங்டனிலும் எச்ஐ என்ற ஹாஸ்டல் அமைப்பின் விடுதிகள் நகர மையத்திலேயே இருக்கின்றன. பெண்களுக்கு மட்டுமான அறை என்று கேட்டு வாங்கலாம். சாமான் வைக்கப் பெட்டி தருவார்கள், பூட்டு மட்டும் கொண்டு போகச் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரும் பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கள். ஊருக்கு வெளியே மலிவான அறை எடுத்துவிட்டு இரவில் தனியாகத் திரும்புவதுதான் ஆபத்து, அதில் மிச்சமாகும் காசும் டாக்ஸிக்கே போய்விடும்.

மிச்சிகன் மாணவர்: சைவம். பட்டினி கிடக்காமல் சமாளிக்க முடியுமா?

தாராளமாக. நியூயார்க் தள்ளுவண்டிகளில் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) சோறு, ஃபிலடெல்ஃபியாவில் 1893-லிருந்து நடக்கும் ரீடிங் டெர்மினல் சந்தை. வாஷிங்டனில் எத்தியோப்பியக் கடைக்குக் கட்டாயம் போங்கள். புளித்த மாவில் வார்த்த இஞ்செரா நம்ம ஆப்பம் மாதிரி மெத்தென்று இருக்கும். அதன் மேல் பருப்பும் கீரையும் முட்டைக்கோஸும் வைத்த சைவத் தட்டு ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்து சாப்பிடலாம். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் மெனு விலைக்கு மேல் வரியும் 18–20 சதவீத டிப்ஸும் சேரும். காலை உணவை மளிகைக் கடையில் முடித்துக்கொள்ளுங்கள்.

அரிசோனா மாணவர்: எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். என்ன பேப்பர் வேண்டும்?

பாஸ்போர்ட், ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) பிரின்ட் மூன்றும் கையிலேயே இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். உள்நாட்டுப் பயணத்துக்கு ஐ-20-ல் கல்லூரியின் புதுக் கையெழுத்து தேவையில்லை.

ஜார்ஜியா மாணவி: ஃபிலடெல்ஃபியாவிலும் வாஷிங்டனிலும் எதற்கெல்லாம் முன்பதிவு வேண்டும்?

ஃபிலடெல்ஃபியாவில் இண்டிபெண்டென்ஸ் ஹாலுக்கு நேரம் போட்ட டிக்கெட். ஆன்லைனில் எடுத்தால் ஒரு டாலர் பதிவுக் கட்டணம், அவ்வளவுதான். உள்ளே 1787-ல் அரசியல் சாசனக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வாஷிங்டன் உட்கார்ந்த நாற்காலியைப் பாருங்கள், முதுகுப் பலகையின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். இது உதிக்கிற சூரியன்தான் என்று சாசனத்தில் கையெழுத்திட்ட நாளில், அந்தக் கூட்டத்தில் இருந்த தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னார். எதிரே இருக்கும் சுதந்திர மணிக்கு டிக்கெட் கிடையாது, காலையில் வரிசை குறைவு. பிராங்க்ளின் கல்லறைக்குக் கட்டணம் கேட்பார்கள், ஆனால் ஐந்தாம் தெரு ஆர்ச் தெரு முனையில் நடைபாதையிலிருந்தே கம்பி வழியாகத் தெரியும்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம், டிசம்பர் 25 மட்டும் விடுமுறை. ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கும் விமான விண்வெளி அருங்காட்சியகத்துக்கும் இலவச நேரச் சீட்டு முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறிக்கொண்டே வரும்படி அமைத்திருக்கிறார்கள். லிங்கன் நினைவிடத்துக்கு இரவில் போங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படியில் எழுத்து வெட்டியிருக்கிறது, குனிந்து தேட வேண்டும். அப்புறம், ஒரு டாலர் சர்க்குலேட்டர் பஸ் என்று பழைய குறிப்புகளில் படித்தால் நம்பாதீர்கள், 2024 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசு நிதி ஒதுக்கீடு தடைபட்டால் அருங்காட்சியகங்களும் மூடலாம், செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கனெக்டிகட் மாணவர்: நியூயார்க்கில் ஒரே நாள். சுதந்திர தேவி சிலைக்கு டிக்கெட் எடுக்கலாமா?

ஒரே நாள் என்றால் வேண்டாம், அரை நாள் அதற்கே போய்விடும். ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம், போகும்போது வலது பக்கம் நின்றால் சிலை தெரியும். திரும்பி வந்து வால் தெருவில் 1789-ல் வாஷிங்டன் பதவியேற்ற இடத்தில் இருக்கும் ஃபெடரல் ஹாலைப் பாருங்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் டுவேன் தெருவில் ஆப்பிரிக்கர் புதைநிலம். 1991-ல் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது வெளிப்பட்டது. தோண்டி எடுத்த 419 பேரின் எச்சங்களை 2003-ல் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். இதற்கும் கட்டணம் இல்லை. ஞாயிறு, திங்கள் உள்ளே மூடியிருக்கும் என்பதால் நாளைப் பார்த்துப் போங்கள்.

கனெக்டிகட் மாணவர் என்பதால் இன்னொன்று: மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்கள் இஷ்டப்பட்ட தொகையைக் கொடுத்து உள்ளே போகலாம். கவுன்டரில் கல்லூரி அட்டையைக் காட்டுங்கள்.