எட்டு வருடப் பழைய டிரெட்மில்: மூன்றில் ஒரு பங்கு விலை மலிவா?

கேள்வி: உடன் வேலை பார்ப்பவர் எட்டு வருடத்துக்கு முன் வாங்கிய டிரெட்மில்லை விற்கிறார். அப்போதே அது குறைந்த விலை மாடல்தான். அதே ரகத்தில் புதியது விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார். "அதிகம் ஓடவே இல்லை, துணி காயப்போடத்தான் பயன்பட்டது" என்கிறார். நானும் மனைவியும் நடக்க மட்டும்தான். என் எடை 92 கிலோ. வாங்கலாமா, இல்லை தவணையில் புதியதே எடுத்துவிடலாமா?

பதில்: அதிகம் ஓடவில்லை என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சும்மா கிடந்த மெஷினுக்கு யாரும் சிலிக்கான் எண்ணெய் விட்டிருக்க மாட்டார்கள். எண்ணெய் இல்லாத பெல்ட் அடிப்பலகையோடு உரசும். மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அந்தச் சுமையில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுப் பலகையான கண்ட்ரோல் போர்டு புகைந்துவிடலாம். ஒரு குப்பி எண்ணெயோடு முடிய வேண்டிய செலவு பெரிய செலவாவது இப்படித்தான்.

அதனால் பேரம் பேசுவதற்கு முன் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு டிரெட்மில் மெக்கானிக்கிடம் பேசுங்கள். இந்த மாடலுக்கு போர்டு கிடைக்குமா, என்ன விலை? பெல்ட் மாற்ற எவ்வளவு? போர்டு கிடைக்காது என்றால், அது போகும் நாள் வரைதான் மெஷின். அப்புறம் காயலான் கடை விலைதான்.

கிடைக்கும் என்றால் கணக்கு சுலபம். நண்பர் கேட்கும் விலை, தூக்கி வரும் கூலி, புது பெல்ட், போர்டு விலையில் பாதி, நான்கையும் கூட்டுங்கள். பாதி போர்டு எதற்கு என்றால், அது போகலாம், போகாமலும் இருக்கலாம். மொத்தம் புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். புதியதோடு வாரண்டி வரும். பழையதில் அது எப்போதோ முடிந்திருக்கும்.

அடுத்து, நேரில் போய் ஏறிப் பாருங்கள். நீங்களே ஏற வேண்டும், மனைவி அல்ல. வீட்டில் எடை கூடியவர் நீங்கள் என்று நினைக்கிறேன். வேகத்தை மணிக்கு 2 அல்லது 3 கிலோமீட்டரில் வைத்து, குதிகாலை அழுத்தி நடங்கள். பலர் வேகமாக ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகி விடுகிறார்கள், ஆனால் மோட்டார் திணறுவது மெதுவான வேகத்தில்தான். கால் பதியும்போது பெல்ட் ஒரு நொடி நின்று நகர்கிறதா? முன் உருளை சுழன்றுகொண்டே இருந்து பெல்ட் மட்டும் நின்றால் இழுவை தளர்ந்திருக்கலாம். பின்பக்க போல்ட்டைத் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உருளையும் சேர்ந்து திணறினால் கோளாறு உள்ளே.

இருபது நிமிடம் விடாமல் நடந்துவிட்டு மோட்டார் மூடியருகே முகர்ந்து பாருங்கள். கருகல் வாடை வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். நடுவில், கால் படும் இடத்தில் பலகை சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் துணி காயப்போட்ட கதையை நம்ப வேண்டாம்.

ஸ்டிக்கரில் அதிகபட்ச எடை 100 கிலோ என்றிருந்தால் 92 கிலோவுக்கு அது மிக நெருக்கம். குதிரைத்திறனையும் பாருங்கள். மலிவு மாடல்களில் பெரிதாக அச்சிடுவது சில நொடிகள் மட்டுமே எட்டக்கூடிய உச்சத் திறனை. தொடர்ந்து தரும் திறன் அதைவிடக் குறைவு. பாதுகாப்புச் சாவியையும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் பல மாடல்கள் கிளம்பவே கிளம்பாது.

தவணையில் புதியது வேண்டாம். இரண்டு பேரும் மூன்று மாதம் வெளியில் நடந்து பாருங்கள், மாதாமாதம் அந்தத் தவணைத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். நடையும் நின்றுவிடாமல், பணமும் சேர்ந்திருந்தால், மீதியைச் சேர்த்து ரொக்கமாகவே வாங்கலாம். நண்பர் இருபது நிமிடச் சோதனைக்குச் சம்மதித்து, கணக்கும் பாதிக்குள் அடங்கினால் மட்டும் பழையதை எடுங்கள். பெல்ட் தேய்ந்திருந்தால் அதன் விலையை அவர் கேட்கும் தொகையிலிருந்து கழிக்கச் சொல்லலாம், தெரிந்தவர் என்று தயங்க வேண்டாம்.